கழுதையின் நடுக்கம்

பிப்ரவரி 11

காலையிலிருந்து ஒரு கழுதையின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படித்த படிப்புக்குக் கிடைத்த வேலை இது.

பழைய கார்ட்டூன் படம். எனக்கு முன்னால் பிறந்தது. சின்ன வயதில் எல்லோரும் டிவியில் பார்த்ததுதான். கோடு கோடாக ஓடும், ஆனாலும் யாரும் எழுந்து போக மாட்டோம். இப்போது அதைப் பெரிய டிவிகளுக்காகத் துல்லியமாக்கி டிஸ்க்காகக் கொண்டுவருகிறார்கள். மூலப் படச்சுருளை ஸ்கேன் செய்து என் கணினிக்கு அனுப்பிவிடுவார்கள். நான் ஒவ்வொரு ஃபிரேமாகப் போய்த் தூசி, முடி, கீறல், பூஞ்சைக் கறை எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஒரு நொடிக்கு இருபத்து நான்கு ஃபிரேம். கழுதை ஒரு தடவை கண்ணைச் சிமிட்டி முடிப்பதற்குள் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்கிறது.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர், "என்ன, இன்னைக்கும் கழுதையா?" என்றார்.

"இன்னைக்கும் கழுதைதான்."

"பகல்ல அது, சாயங்காலம் நான். உனக்குப் பெருசா வித்தியாசம் தெரியாது."

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க யார் பக்கத்திலாவது உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து அவருக்குக் கால் வலி. எனக்குக் கண் வலி. இரண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில் விழுந்து கிடந்தோம். யார் எழுந்து விளக்கைப் போடுவது என்று ஒரு சின்னச் சண்டை. நான்தான் போட்டேன்.

பிப்ரவரி 13

கண் எரிகிறது. சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 17

இன்று ஒரு கூத்து.

மழைக் காட்சி. கைவலி தாங்காமல், தானாகவே தூசி எடுக்கும் மென்பொருளை ஓடவிட்டுவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மழையைக் காணோம். வெள்ளையாகச் சின்னதாக எது விழுந்தாலும் அதற்குத் தூசிதான். மொத்த மழையையும் துடைத்து வைத்துவிட்டது. வாத்தம்மா குடையைப் பிடித்துக்கொண்டு நல்ல வெயிலில் நிற்கிறாள், குஞ்சுகள் எல்லாம் அவள் காலடியில் ஒண்டிக்கொண்டு இருக்கின்றன. கழுதை உடம்பை உதறுகிறது, எதற்கென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஒலியைச் சுத்தம் செய்பவர் பக்கத்து அறை. நாங்கள் அவரைக் காது என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்து பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மழைச் சத்தம் என்கிட்ட பத்திரமா இருக்கு. மழையை நீங்க வச்சிருக்கீங்களா?"

பழைய நகல் இருந்ததால் தப்பித்தேன். மறுபடி முதலிலிருந்து, கையால். நோகாமல் நுங்கு தின்ன முடியாது. சரிதான், ஆனால் எனக்கு மட்டும் எப்போதும் நோகிறதே.

பிப்ரவரி 24

கடைசிச் சுருளுக்கு வந்துவிட்டேன். ஆற்றுக் காட்சி.

வெள்ளம். வாத்துக்குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு கிழட்டுக் கழுதை ஆற்றைக் கடக்கிறது. ஒரு காலைத் தண்ணீரில் வைக்கிறது, எடுக்கிறது, மறுபடி வைக்கிறது. அந்த இடத்தில் படம் ஆடுவது போலத் தெரிந்தது. ஸ்கேன் செய்யும்போது சுருள் நகர்ந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். திட்டிக்கொண்டே சோதித்தேன். பின்னால் இருக்கும் பாறை அசையவில்லை, மரம் அசையவில்லை. குஞ்சுகள் கூட ஆடவில்லை, அவற்றை வரைந்தது வேறு ஆளாக இருக்கும். கழுதையின் கோடு மட்டும் நடுங்குகிறது. காலில், முதுகில், தாடையில். முந்தைய சுருள்களில் இதே கழுதை கல் மாதிரி நின்றது.

அந்தக் காலத்துப் படங்களில் காகிதத்தில் போட்ட பென்சில் கோட்டை வேறு ஆட்கள் கண்ணாடித்தாளில் மையால் மறுபடி வரைவார்கள். இதில் அப்படிச் செய்யவில்லை. பென்சில் கோட்டை இயந்திரத்தில் அப்படியே நகலெடுத்து அந்தக் கண்ணாடித்தாளில் ஏற்றியிருக்கிறார்கள். அதாவது நான் பார்ப்பது ஒருவர் காகிதத்தில் இழுத்த அதே கோடு. நடுவில் வேறு கை இல்லை.

முதுகில் குழந்தைகள், முன்னால் வெள்ளம், வயதான கால். எப்படி நடுங்காமல் இருக்கும்? யாரோ ஒரு மனுஷன் அதை யோசித்து, ஒவ்வொரு தாளிலும் நடுக்கத்தை வரைந்திருக்கிறார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இந்த வயதில் கழுதைக்காக அழுதேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அழுதேன்.

பிப்ரவரி 26

நினைத்த மாதிரியே ஆயிற்று. படத்தை வெளியிடும் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வந்தார். எங்களுக்குள் அவர் பெயர் பளபளா. எதைக் காட்டினாலும் "இன்னும் கொஞ்சம் பளபளன்னு" என்பார். கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே நாலு பேர்.

"இது ஆடுதே. நிறுத்திடுங்க."

"சார், கழுதைக்கு வயசாயிடுச்சு. பயத்துல நடுங்குது. வரைஞ்சவர் தெரிஞ்சேதான் போட்டிருக்கார்."

"அம்மா, வாங்குறவன் சுவரு அளவு டிவியில பாக்குறான். டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்புவான். அவன்கிட்ட போய் நீங்க கழுதைக்கு வயசாச்சுன்னு சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்."

சிரித்துவிட்டார். அப்புறம் நான் விடவில்லை. குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. இவ்வளவு நாள் சொன்னதையெல்லாம் செய்தேன், இது ஒன்றை மட்டும் விடுங்கள் என்று கிட்டத்தட்டக் கெஞ்சினேன். கடைசியில், "வரைஞ்சவர் உயிரோட இருந்தா வந்து பாக்கட்டும். அவர் இப்படித்தான் இருக்கணும்னு சொன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றார்.

படத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலில் கழுதையை வரைந்தவர் என்று யார் பெயரும் இல்லை. யாரைப் போய்த் தேடுவது?

இன்னொன்றும் சொன்னார். இது நல்லபடியாக முடிந்தால் எறும்புப் படம் எனக்குத்தானாம். வசனமே இல்லாத படம், நிலாவுக்கு ஏணி கட்டும் எறும்புகள். அதைத் தொட வேண்டும் என்று எத்தனை வருஷ ஆசை.

மார்ச் 3

ஆற்றிலேயே நிற்கிறேன். மென்பொருளுக்கு நடுங்கும் கோடும் ஒன்று, தூசியும் ஒன்று. ஓடவிட்டால் கோட்டைக் கடித்துவிடும். அதனால் ஒவ்வொரு புள்ளியாகக் கையால். நடுக்கத்தில் ஒரு இழை கூடப் போகக் கூடாது. போகவிட மாட்டேன்.

வீட்டுக்காரர் இரண்டு தடவை பேசியும் காதில் விழவில்லையாம். "அந்தக் கழுதை ஆத்தைத் தாண்டுச்சுன்னா சொல்லு, அப்புறமா நாம பேசலாம்" என்று எழுந்து போய்விட்டார். கோபம் இல்லை. அலுப்பு. எனக்கும் அதேதான்.

மார்ச் 10

காது கண்டுபிடித்துவிட்டார்! அவருக்குத் தெரிந்த பழைய ஒலிப்பதிவாளர் ஒருவர் மூலமாக. வரைந்தவர் இருக்கிறார். பேருந்தில் போய் வரும் தூரம்தான், மகளோடு இருக்கிறார்.

மகளிடம் பேசினேன். தயங்கினார். "அப்பா அந்தப் படத்தைப் பத்திப் பேசவே மாட்டார். டிவியில வந்தாக்கூட, அந்த ஆத்துக் காட்சி வரும்போது எழுந்து போயிடுவார்."

"பேர் போடாத கோவமா இருக்குமோ?"

"தெரியலைங்க. நாங்க கேட்டதில்ல."

வரச் சம்மதித்துவிட்டார்கள். பெயர் போடாதவர்களை நினைத்தால் எனக்கே எரிகிறது. இந்தத் தடவை அவர் பெயரை டிஸ்க்கில் போடவைக்க வேண்டும். பளபளாவிடம் கேட்டேன், உடனே சரி என்றார்.

மார்ச் 18

என்னவென்று எழுதுவது.

பெரியவர் வந்தார். ஒல்லி, நல்ல உயரம். உள்ளே வந்ததிலிருந்து இரண்டு கையும் கால்சட்டைப் பையில். டீ கொடுத்தோம். வேண்டாம் என்றார். பளபளா கை கொடுக்கப் போனார், பெரியவர் தலையை மட்டும் அசைத்தார். பெரிய ஆள்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். மடச்சி.

படம் போட்டோம். வாத்தம்மா வரும்போது சிரித்தார். மழையைப் பார்த்து, "அடேயப்பா, இவ்வளவு தெளிவா இருந்துச்சா இது" என்றார். நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். ஆறு வந்தது. திரும்பிப் பார்க்கிறேன், அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காட்சி முடியும் வரை தலையை நிமிர்த்தவே இல்லை.

விளக்கைப் போட்டதும் பளபளா, "சொல்லுங்க ஐயா, இப்படியே விட்டுடலாமா?" என்றார். பெரியவர் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணுகிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்" என்றார்.

நடைபாதையில் நின்றோம். என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் பேசினார்.

"இன்னும் ஆடுதேம்மா. இத்தனை வருஷத்துல யாரும் இதைச் சரி பண்ணலையா?"

எனக்குப் புரியவில்லை. வயதான கழுதை, பயம், நீங்கள் எவ்வளவு நுணுக்கமாக... என்று என்னென்னவோ உளறினேன். அவர் பையிலிருந்து கையை எடுத்து என் முன்னால் நீட்டினார். விரல் எல்லாம் தனித்தனியாக நடுங்கியது.

"கழுதை நடுங்கலம்மா. நான் நடுங்கினேன். அந்தக் காட்சி வரையறப்பதான் ஆரம்பிச்சுது. யாருக்கும் சொல்லல. மையில வரையறவங்க இருந்திருந்தா கோட்டை நேராக்கியிருப்பாங்க, அதையும் நிறுத்திட்டாங்க. இன்னொரு தடவை வரைஞ்சு தரேன்னு கேட்டேன். நேரமில்லைன்னுட்டாங்க. படம் வந்துச்சு, எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. கழுதை எப்படி நடுங்குது பாரு, எப்படி நடுங்குது பாரு... ஒவ்வொருத்தன் சொல்றப்பவும் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. என் பேரைப் போடாதீங்கன்னு நான்தான் சொன்னேன். அதோட பென்சிலைத் தொடல."

கையை மறுபடி பைக்குள் விட்டுக்கொண்டார்.

"உங்ககிட்ட மெஷின் இருக்காம்ல, ஆட்டத்தை நிறுத்துறதுக்கு. நிறுத்திடும்மா. காரணம் மட்டும் யார்கிட்டயும் சொல்லாதே. என் பொண்ணுக்கே இது வயசானதால வந்ததுன்னுதான் தெரியும்."

தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

மார்ச் 19

எனக்கு ஏன் இவ்ளோ கோவம் வருது? அவர் மேலயா? என் மேலயா? கண்ணு போக உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக் காப்பாத்தினேனே, அதைப் போய் அழிக்கணுமா? நானேவா?

அவர் வெட்கப்படுவது அவருக்கு. எங்களுக்கு? அந்த நடுக்கத்தைப் பார்த்து அழுதவர்கள் எத்தனை பேர். வரைந்தவருக்குத் தெரியாமலே வந்தது என்றாலும் வந்தது வந்ததுதானே. நல்லது தற்செயலாக வரக் கூடாது என்று யார் சொன்னது?

மெஷினால் முடியவில்லை ஐயா என்று ஒரு பொய் சொல்லலாம். அவருக்குத் தெரியவா போகிறது. பளபளாவிடம், அவர் இப்படியே இருக்கட்டும் என்றார் என்று இன்னொரு பொய். இரண்டே பொய். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணமே செய்கிறார்கள்.

பளபளா இரண்டு தடவை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

மார்ச் 20

இன்றும் முடிவு செய்யவில்லை. பளபளாவிடம் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வழக்கம்போல அவர் வேலைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகத்தான்.

"இன்னைக்குப் புதுசா ஒரு அம்மா வந்தாங்க. ஸ்டியரிங்கைப் பிடிச்சதும் கை வெடவெடன்னு நடுங்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். பாத்துட்டோம்னு தெரிஞ்சா அவ்ளோதான், மறுநாள் வர மாட்டாங்க. ஒருத்தர் நடுங்கறதைப் போய் உத்துப் பாக்கலாமா?"

சொல்லிவிட்டுக் காலை நீவ ஆரம்பித்தார். நான் எழுந்து அடுக்களைக்குப் போய், ஒன்றும் செய்யாமல் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஊரே சேர்ந்து அந்த மனுஷனின் கையை உற்றுப் பார்த்திருக்கிறது. இப்போது நான் அதைப் பெரிதாக்கி, துடைத்து, சுவர் அளவு டிவியில் காட்டப்போகிறேன்.

மார்ச் 21

ஆரம்பித்துவிட்டேன். முதலில் மென்பொருளிடம் கொடுத்தேன். ஒரு நொடியில் நிறுத்திவிட்டது. ஆனால் பிணம் தண்ணீரில் மிதந்து போவது போல இருந்தது. இப்படி அவரிடம் காட்ட முடியாது. கையால்தான் செய்ய வேண்டும். ஒரு தாளில் நன்றாக விழுந்த கோட்டை எடுத்து, அடுத்ததோடு சேர்த்து, மூச்சு விடுவது மட்டும் போகாமல். அவர் கை நன்றாக இருந்திருந்தால் எப்படி இழுத்திருப்பார் என்று யோசித்து யோசித்து. அவருடைய நல்ல கோடு முந்தைய சுருள்களில் நிறைய இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறேன்.

பளபளா தோளுக்குப் பின்னால் நின்று, "நான் முதல்லயே சொன்னேன்ல?" என்றார்.

"ஆமா சார், சொன்னீங்க."

காது உள்ளே வந்தார், திரையைப் பார்த்தார். "நீங்களா இதைச் செய்றீங்க?" என்றார். நான் அடுத்த ஃபிரேமுக்குப் போனேன். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். ஓங்கிச் சாத்தியிருந்தால் பரவாயில்லை.

மார்ச் 27

ஸ்கேன் செய்த மூலத்தைத் தொடவில்லை. படச்சுருளும் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. எதுவும் அழியவில்லை. நாளைக்கு யாராவது வந்து நடுக்கத்தோடு வெளியிடலாம். அவர் காலத்துக்குப் பிறகு. இதை எனக்கு நானே பத்து தடவை சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 2

பெரியவருக்கும் மகளுக்கும் போட்டுக் காட்டினேன். ஆறு வந்தது. கழுதை நிதானமாகத் தண்ணீரில் இறங்கியது. முடிந்ததும், "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். "இன்னொரு தடவை." மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. படியிறங்கும்போது மட்டும், பேரைப் போட்டுக்கொள்ளலாம் என்று பளபளாவிடம் சொன்னாராம்.

மே 20

டிஸ்க் வெளிவந்து ஒரு வாரம். இணையத்தில் கிழிகிழி என்று கிழிக்கிறார்கள்.

மழைக் காட்சியை மெச்சுகிறார்கள். நிறத்தை மெச்சுகிறார்கள். ஆற்றில்தான் எல்லோரும் இறங்கி என்னை முக்குகிறார்கள். "கழுதையைக் கொன்றுவிட்டார்கள்." "அந்த நடுக்கம்தான் படத்தின் உயிர், இது கூடத் தெரியாதவர் கையில் யார் கொடுத்தது?" "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை." டிஸ்க் அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் என் பெயரைப் படம் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார் ஒருவர்.

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு வரியில் கூடத் தப்பில்லை. நானாக இருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன், இன்னும் கொஞ்சம் காரமாக.

வீட்டுக்காரர் எவனுக்கோ பதில் எழுத உட்கார்ந்துவிட்டார். போனைப் பிடுங்கி வைத்தேன். "உனக்கு ரோஷமே இல்லையா?" என்றார். இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மே 27

பளபளா கூப்பிட்டார். பாவம், அவருக்கும் மேலேயிருந்து அடி.

"ஒரு விளக்கம் கொடுத்துடலாம். வரைஞ்ச பெரியவரே பாத்துட்டு இப்படித்தான் வேணும்னு சொன்னார்னு ரெண்டு வரி. பிரச்சினை முடிஞ்சுடும். உங்க பேரும் தப்பிக்கும்."

போட்டால் அடுத்த நாளே எல்லோரும் அவர் வாசலில் நிற்பார்கள். ஏன் ஐயா, ஏன் நிறுத்தச் சொன்னீர்கள், உங்கள் கையைக் காட்டுங்கள் என்று.

"வேண்டாம் சார். அவர் பாத்தார், அவ்வளவுதான். செஞ்சது நான். எனக்கு அப்படித்தான் சரின்னு பட்டுச்சு."

"நீங்களா? என்கிட்ட அந்தச் சண்டை போட்டீங்களே?"

"மனசு மாறிடுச்சு."

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குப் பாதி புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த அச்சில் என் பெயரை மட்டுமாவது எடுத்துவிடவா என்றார். எடுத்தால் வேறு யாரையாவது தேடுவார்கள், இருக்கட்டும் என்றேன். எறும்புப் படம் வேறு ஆளுக்குப் போகிறதாம். அதைச் சொல்லும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

மே 28

அழுதேன். எறும்புகளுக்காக.

ஜூன் 8

இப்போது எனக்குப் பழைய சோப்பு விளம்பரங்கள் வருகின்றன. நாள் முழுக்க நுரை. எது நுரை எது தூசி என்று பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். காது பேச ஆரம்பித்துவிட்டார், ஆனால் கழுதைப் படத்தைத் தவிர மற்றதைப் பற்றி மட்டும்.

மத்தியானம் பெரியவரின் மகள் போன் செய்தார். இன்னொரு டிஸ்க் கிடைக்குமா, இருப்பது தேய்ந்துவிடும் போலிருக்கிறது என்றார். இணையச் சண்டை எதுவும் அவர்களுக்குத் தெரியாது போல. நானும் சொல்லவில்லை.

"அப்பா முன்னெல்லாம் அந்தக் காட்சி வந்தா எழுந்து போயிடுவார்ல? இப்ப வீட்டுக்கு யார் வந்தாலும் உக்கார வச்சுப் போடுறார். நேத்து அண்ணன் பசங்க வந்திருந்தாங்க. ஆத்துக் காட்சி ஓடுது, டிவிக்கு முன்னாடி நின்னு விளையாடிக்கிட்டு இருந்தாங்க. அப்பா கையை வெளிய எடுத்து, நீட்டி, ஒரு சத்தம் போட்டார் பாருங்க. நான் அவர் அப்படிக் கத்திக் கேட்டதே இல்ல."

"என்ன சொன்னார்?"

"மறைக்காதீங்கடா, அது நான் வரைஞ்சதுன்னார்."